உதிரப்போக்கும் ஒரு பேராசிரியரின் நுண்ணோக்கியும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவை ஒட்டி மதரஸா மண்டபத்தில் நடைபெற்ற குடும்ப நல அமர்வில், பள்ளிவாசல் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரை)



 

இன்று நான் பேசவிருக்கும் பொருள் சிலருக்குக் கூச்சம் தரக்கூடும். பெண்களுக்கு வரும் கருப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றி ஓர் இமாம் ஏன் பேச வேண்டும் என்று கேட்போரும் இருக்கலாம். மதரஸாவில் ஃபிக்ஹு நூல்களை ஓதியவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். தொழுகையின் பாடத்தைத் தொடுவதற்கு முன்பே, தூய்மையின் பாடத்தில் ஹைளு, நிஃபாஸ், இஸ்திஹாளா ஆகியவற்றை நாங்கள் ஓதி முடித்துவிட வேண்டும். உதிரத்தின் நிறம் என்ன, எத்தனை நாள், இடையில் நின்று மீண்டும் வந்தால் சட்டம் என்ன என்பதையெல்லாம் மீசை அரும்பாத வயதில், உஸ்தாதின் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு மனனம் செய்தோம்.

ஸஹாபிப் பெண்மணியான ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் தமக்கு உதிரம் நிற்பதே இல்லை என்று நபி (ஸல்) அவர்களிடம் நேரில் வந்து சொன்னார்கள். நபியவர்களும் முகம் சுளிக்காமல், இது மாதவிடாய் அன்று, வேறு நரம்பிலிருந்து வரும் உதிரம் என்று பிரித்து விளக்கினார்கள். அந்தக் கேள்வி கேட்கப்பட்டதால்தான் அந்தச் சட்டம் இன்று நம் கையில் இருக்கிறது.

நான் முன்னர் பணியாற்றிய வேறோர் ஊரில், ஒரு நாள் மஃரிபுக்குப் பின் ஒரு சகோதரர் என்னிடம் மஸ்அலா கேட்டு வந்தார். அறுபதை நெருங்கிய அவருடைய மனைவிக்கு மாதவிடாய் நின்று ஆறேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. இப்போது மீண்டும் உதிரம் படுகிறதாம். தொழலாமா, நோன்பு வைக்கலாமா என்று கேட்டார். நான் கிதாபில் உள்ளபடி, ஒவ்வொரு தொழுகை நேரத்திற்கும் சுத்தம் செய்து, ஒளுச் செய்து தொழச் சொல்லி அனுப்பினேன். அவரும் நிம்மதியாகப் போனார், நானும் ஒரு மஸ்அலாவைச் சரியாகச் சொன்ன நிம்மதியோடு உறங்கினேன். பதினொரு மாதங்கள் கழித்து அந்த அம்மையாரின் ஜனாஸாத் தொழுகையை நானே நடத்தினேன். கபருஸ்தானில் வைத்து அந்தச் சகோதரர், "ஹஜ்ரத், கடைசியில் காட்டினபோது ரொம்ப முற்றிவிட்டது என்றார்கள்" என்று சொன்னார். "மருத்துவரிடம் காட்டினீர்களா?" என்ற ஒரு வார்த்தையை அன்று நான் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

அதற்குப் பின்னர் மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களைத் தேடியும் இந்நோயைப் பற்றி அறிந்துகொண்டேன். அப்போது தெரியவந்த ஒரு பேராசிரியரின் வரலாற்றை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஜார்ஜ் பாப்பனிகொலாவு என்பது அவர் பெயர். கிரேக்க நாட்டின் கைமி என்னும் சிற்றூரில் 1883ஆம் ஆண்டு பிறந்தார். ஏதென்ஸில் மருத்துவம் படித்தார். பின்னர் ஜெர்மனியின் மியூனிக் நகரில் விலங்கியலில் முனைவர் பட்டம் பெற்றார். 1913இல் மனைவி ஆண்ட்ரோமாக்கியுடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். இருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. நியூயார்க்கில் ஒரு பெரிய கடையில் மனைவி பொத்தான் தைத்தார், இவர் கம்பளம் விற்றார். அடுத்த ஆண்டே கார்னெல் மருத்துவக் கல்லூரியின் உடற்கூற்றியல் துறையில் இடம் கிடைத்தது. மனைவியும் அதே ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார்.

அங்கு அவருக்குத் தரப்பட்ட வேலை கினிப்பன்றிகளை ஆராய்வது. அவற்றின் கருமுட்டை எந்த நேரத்தில் வெளிப்படுகிறது என்பதை அவற்றைக் கொல்லாமல் அறிய வேண்டியிருந்தது. பிறப்புறுப்பின் உட்சுவரிலிருந்து தானே உதிரும் உயிரணுக்களைத் துடைத்தெடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தார். நாளுக்கு நாள் அவற்றின் வடிவம் மாறுவதும், அந்த மாற்றம் ஒரு சுழற்சியாகத் திரும்பத் திரும்ப வருவதும் தெரிந்தன. பேராசிரியர் ஸ்டாக்கர்டுடன் சேர்ந்து 1917இல் இதை வெளியிட்டார்.

அடுத்து, மனிதரிடமும் இவ்வாறு உண்டா என்று பார்க்க வேண்டும். யாரிடம் கேட்பது? அவருடைய மனைவியே முன்வந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்த அம்மையார் தம்மிடமிருந்து மாதிரி எடுத்துத் தந்துகொண்டே இருந்தார். பாப்பனிகொலாவுக்குக் கிடைத்த புகழில் பெரும்பங்கு அவருக்கு உரியது என்றே நான் கருதுகிறேன். ஆரோக்கியமான பெண்ணின் உயிரணு இன்னது என்று அவர் மூலம் கண் பழகியதால்தான், மருத்துவமனை நோயாளிகளின் மாதிரிகளைப் பார்த்தபோது மாறுபட்டதை அந்தப் பேராசிரியரால் அடையாளம் காண முடிந்தது. சில பெண்களின் மாதிரிகளில் உட்கரு பருத்தும் கறுத்தும் ஒழுங்கு கெட்டும் கிடந்த உயிரணுக்களைக் கண்டார். அவை புற்றுநோய் அணுக்கள்.

1928இல் ஒரு மாநாட்டில் இதை அறிவித்தார். எவரும் பொருட்படுத்தவில்லை. சதையை வெட்டியெடுத்துச் சோதிக்கும் முறை இருக்கும்போது, உதிர்ந்த அணுக்களைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்பது அன்றைய மருத்துவர்களின் எண்ணம். (ருமேனியாவில் ஆரெல் பாபெஷ் என்ற மருத்துவரும் ஏறக்குறைய அதே காலத்தில் தனியாக இதே உண்மையைக் கண்டிருந்தார். அவர் பெயர் வெளியே அதிகம் தெரியாமல் போயிற்று.) பாப்பனிகொலாவு சோர்ந்துவிடாமல் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டும் சில்லுகளைப் பார்த்துக்கொண்டும் இருந்தார். மகப்பேறு மருத்துவரான ஹெர்பர்ட் டிராட் என்பவருடன் இணைந்து 1941இல் கட்டுரையாகவும் 1943இல் நூலாகவும் சான்றுகளை முன்வைத்த பிறகே உலகம் செவிசாய்த்தது. பின்னர் பல நாட்டு மருத்துவர்கள் அவரிடம் வந்து, நல்ல அணுவையும் கெட்ட அணுவையும் பிரித்தறியும் வித்தையைக் கற்றுச் சென்றனர். 1962இல் அவர் மறைந்தார். அச்சோதனை அவர் பெயரின் முதற்பகுதியைக் கொண்டு ‘பாப் ஸ்மியர்’ என்று இன்றும் வழங்குகிறது. அது முறையாக நடந்த நாடுகளில் இந்நோயால் ஏற்படும் இறப்புகள் பாதிக்கும் மேல் குறைந்துவிட்டன.

இதில் நாம் அறிய வேண்டிய சூட்சுமம் ஒன்று உண்டு. இந்நோய் ஒரே இரவில் வருவது அன்று. ஹெச்.பி.வி. என்னும் வைரஸே இதற்குக் காரணம் என்பதை ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு சூர் ஹாவ்சன் 1980களில் காட்டினார். அதற்காக 2008இல் நோபல் பரிசு பெற்றார். அந்தக் கிருமி தாம்பத்திய உறவின் வழியே பரவுவது. மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. பெரும்பாலோரிடம் தானே மறைந்துவிடும். சிலரிடம் தங்கிவிட்டால், அது புற்றுநோயாக முற்றப் பொதுவாகப் பதினைந்து முதல் இருபது ஆண்டுகள் ஆகும். ஆகவே இந்நோய் வந்த பெண்ணின் ஒழுக்கத்தையோ அவள் கணவனின் ஒழுக்கத்தையோ சந்தேகிப்பது அறியாமை மட்டுமன்று, அவதூறு என்னும் பெரும்பாவத்தின் வாசலும் ஆகும். எவருக்கு எப்போது தொற்றியது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது.

"நம் சமுதாயத்தில் கத்னா செய்கிறோம், நமக்கு இது வராது" என்று சிலர் சொல்கிறார்கள். கத்னா செய்த ஆண்களிடம் இக்கிருமி குறைவாகக் காணப்படுவதாக ஆய்வுகள் கூறுவது உண்மைதான். குறைவு என்றால் இல்லை என்று பொருளாகுமா? நான் தொழவைத்த ஜனாஸா அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தினுடையதே.

நம் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வு 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் கிராமங்களில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களைச் சோதித்தார்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் இருக்கும் புளிப்புப் பொருளை, கருப்பை வாயில் தடவினால் மாறுபட்ட இடம் ஒரு நிமிடத்தில் வெளுத்துத் தெரியும். நுண்ணோக்கிகூட வேண்டியதில்லை. இந்த எளிய சோதனைக்கு அழைக்கப்பட்ட கிராமங்களில் இந்நோயால் நேர்ந்த மரணங்கள் மற்றக் கிராமங்களைவிட 35 விழுக்காடு குறைந்தன. அழைக்கப்பட்ட சுமார் 49,000 பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் சோதனைக்கு வரவில்லை என்பதையும் கவனியுங்கள். வீடு தேடி வந்த சோதனைக்கே இந்த நிலை!

நம் வீடுகளில் அவர்களைத் தடுப்பது எது? ஹயா என்று சொல்வோம். வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்பதில் ஐயமில்லை. ஆனால் மார்க்கத்தைக் கேட்டறிய வெட்கம் தடையாக இராத அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்துள்ளார்கள். சிகிச்சைக்காகத் தேவையான அளவு மட்டும் உடலைக் காட்டுவதை ஃபுகஹாக்கள் அனுமதித்துள்ளனர். பெண் மருத்துவர் இருந்தால் அவரிடமே செல்ல வேண்டும். எங்கும் கிடைக்காதபோது, உடன் மற்றொருவர் இருக்க ஆண் மருத்துவரிடமும் காட்டலாம். அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை, ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி மஸ்ஜிதுந் நபவியில் கூடாரம் அமைத்துப் பராமரித்தார்கள். பள்ளிவாசலுக்கும் மருத்துவத்திற்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது.

தடுப்பூசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹெச்.பி.வி. தடுப்பூசி 2006 முதல் உலகில் வழக்கில் உள்ளது. 2023 முதல் இந்தியத் தயாரிப்பும் கிடைக்கிறது. 9 முதல் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் போடுவதே சிறந்தது. மலட்டுத்தன்மை வரும் என்று பரப்பப்படும் செய்திக்கு ஆதாரம் இல்லை. ஊசி போட்டுக்கொண்டவர்களும் முப்பது வயதுக்குப் பின் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

சகோதரிகளே, மாதவிடாய் நின்ற பின் உதிரம் பட்டாலும், இரு மாதவிடாய்களுக்கு இடையிலோ தாம்பத்தியத்திற்குப் பின்னரோ பட்டாலும், துர்நாற்றமுள்ள வெள்ளை பட்டாலும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். ஆரம்ப நிலையில் எந்த அறிகுறியும் இராது என்பதால், ஒன்றும் இல்லாதவர்களும் பரிசோதனைக்கு வர வேண்டும்.

இப்போதெல்லாம் உதிரம் பற்றி மஸ்அலா கேட்டு யார் வந்தாலும் சட்டத்தைச் சொல்லிவிட்டு, மருத்துவரிடம் காட்டியாயிற்றா என்று கேட்கிறேன். இல்லை என்றால் காட்டிவிட்டு வந்து எனக்குத் தகவல் சொல்லச் சொல்கிறேன். சிலருக்கு இது அதிகப்பிரசங்கித்தனமாகப் படுகிறது. படட்டும்.

இம்மண்டபத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெண் மருத்துவரையும் பெண் செவிலியர்களையும் கொண்டு பரிசோதனை முகாம் நடத்த நிர்வாகக் குழுவினர் இசைந்துள்ளார்கள். அன்று லுஹர் வரை ஆண்கள் எவரும் மதரஸா வளாகத்திற்குள் வர வேண்டாம். பெயர்களைப் பள்ளிவாசல் அலுவலகத்தில் தரவேண்டியதில்லை. பெண்கள் மதரஸாவின் ஆலிமாவிடம் சொன்னால் போதும், பட்டியல் அவரிடம் மட்டுமே இருக்கும். முடிவும் உரிய பெண்ணிடம் மட்டுமே தரப்படும். வீட்டில் அன்று காலைச் சமையலைக் கணவன்மார்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.