பேஸ் என்றொரு சொல்
(தொடர்கல்வி மையத்தில் ஆற்றிய உரை)



இன்று ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேசுவோம். அந்தச் சொல் 'பேஸ்'. பி, ஏ, சி, இ என்று நான்கே எழுத்துகள். சின்னச் சொல்தான். ஆனால் மைதானத்தில் கேட்கிறது, ஆஸ்பத்திரியில் கேட்கிறது. நாம் படிக்கும் படிப்பிலும் அதற்கு ஓர் இடம் உண்டு.

முதலில் ஒரு எச்சரிக்கை. தமிழில் எழுதும்போது இந்தச் சொல்லோடு வேறு சொற்கள் குழம்பிவிடும். முகத்துக்கு ஆங்கிலத்தில் 'ஃபேஸ்' என்று பெயர். அடித்தளத்துக்கும் 'பேஸ்' என்றுதான் எழுதுகிறோம். அவை வேறு, இது வேறு. இந்தப் பேஸ் காலோடு சேர்ந்தது, நடையோடு சேர்ந்தது.

இதற்கு முதல் பொருள் என்ன? ஒரு எட்டு. ஒரு காலை எடுத்து முன்னால் வைத்தால் அது ஒரு பேஸ். என்.சி.சி. பயிற்சியில் பிள்ளைகள் எட்டு வைத்து நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஓர் எட்டுக்கு 30 அங்குலம் என்று கணக்கு. அதாவது இரண்டரை அடி.

இரண்டாவது பொருள் வேகம். நடக்கிற வேகம், வேலை செய்கிற வேகம் எல்லாமே பேஸ்தான். ஒரே சொல்லுக்கு எப்படி இரண்டு பொருள் வந்தது? நம் தமிழைப் பாருங்கள். "ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வா" என்கிறோம். பஸ் வருகிறது என்றால், "காலை எட்டிப் போடு" என்கிறோம். முதலில் சொன்னது காலடி. பிறகு சொன்னது வேகம். எட்டு பெரிதானால் வேகமும் கூடும் அல்லவா? அப்படித்தான் பேஸ் என்ற சொல்லிலும் இரண்டும் சேர்ந்தன.

பழைய ரோமாபுரியில் தூரத்தைக் காலடியால் அளந்தார்கள். வலது கால் பதிந்த இடத்திலிருந்து மறுபடி வலது கால் பதியும் இடம் வரை ஒரு கணக்கு. அப்படி ஆயிரம் வைத்தால் ஒரு மைல். அவர்கள் மொழியில் ஆயிரத்துக்கு 'மில்லே' என்று பெயர். அதிலிருந்துதான் மைல் என்ற சொல் வந்தது.

ரோமாபுரி எதற்கு? நம் நாட்டிலேயே எட்டு வைத்து ஒரு தேசத்தை அளந்தவர் இருக்கிறார். அவர் பெயர் நயின் சிங். இமயமலையில் குமாவுன் பகுதியில் மீலம் என்ற ஊர்க்காரர். அது இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தில் இருக்கிறது. அவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர்.

அந்தக் காலத்தில் திபெத்துக்குள் வெள்ளைக்காரர்களை விடமாட்டார்கள். அதனால் சர்வே இலாகா நயின் சிங்கைத் தேர்ந்தெடுத்தது. டேராடூனில் அவருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஏற்றமோ, இறக்கமோ, சமவெளியோ, எங்கே நடந்தாலும் எட்டு ஒரே அளவாக இருக்க வேண்டும். அதுதான் பயிற்சி.

அவர் கையில் ஒரு ஜெபமாலை. பௌத்தர்களின் மாலையில் 108 மணிகள் இருக்கும். அவருடைய மாலையில் 100 மணிகள்தான். 100 எட்டு வைத்ததும் ஒரு மணியைத் தள்ளுவார். மாலை முழுதும் சுற்றினால் 10,000 எட்டு. ஏறக்குறைய 5 மைல். பார்த்தவர்கள் யாரோ பக்தர் ஜெபம் செய்கிறார் என்று நினைத்தார்கள். குறிப்பு எழுதிய தாள்களைப் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் ஒளித்து வைத்தார். பிடிபட்டால் உயிருக்கே ஆபத்து.

1865-ல் நேபாளம் வழியாகத் திபெத்துக்குள் போனார். 1866 ஜனவரியில் லாசா நகரை அடைந்தார். அந்தப் பயணத்தில் அவர் நடந்தது சுமார் 1,200 மைல். எட்டுக் கணக்கில் ஏறக்குறைய 24 லட்சம்! 1877-ல் லண்டனில் உள்ள ராயல் புவியியல் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. 2004-ல் நம் அரசு அவர் படம் போட்ட தபால் தலை வெளியிட்டது.

அவர் ஓடவில்லை. ஒரே சீராக நடந்தார். அவசரப்பட்டு எட்டை மாற்றியிருந்தால் கணக்கே தப்பியிருக்கும்.

இனி மற்ற இடங்களைப் பார்ப்போம். கிரிக்கெட்டில் 'பேஸ் பௌலர்' என்றால் வேகமாகப் பந்து வீசுகிறவர். நம் கபில்தேவ் அப்படிப்பட்டவர். ஒருவரோடு ஈடுகொடுத்து வந்தால் 'கீப் பேஸ்' என்பார்கள். பிரசவ அறைக்கு வெளியே கணவன் அங்கும் இங்கும் உலாத்துகிறான் அல்லவா? அந்த நடைக்கும் பேஸ் என்றுதான் சொல்வார்கள்.

ஆஸ்பத்திரியில் இந்தச் சொல்லைக் கவனமாகக் கேட்க வேண்டும். சர்க்கரை நோய்க்காரரிடம் டாக்டர் 'பிரிஸ்க் பேஸ்' என்பார். விறுவிறுப்பாக நடக்கச் சொல்கிறார் என்று பொருள். எவ்வளவு விறுவிறுப்பு? நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் அளவு. சும்மா ஊர்ந்து போனால் அந்தப் பலன் கிடைக்காது. நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ உடனே நின்றுவிட வேண்டும். டாக்டரிடம் காட்ட வேண்டும்.

'பேஸ்மேக்கர்' என்றும் ஒன்று உண்டு. சிலருக்கு இதயத் துடிப்பு மிகவும் குறைந்துவிடும். மயக்கம் வரும். அவர்களுக்குக் காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், ஒரு சின்னக் கருவியை வைப்பார்கள். துடிப்பு குறையும்போது அது மெல்லிய மின்சாரம் கொடுத்து இதயத்தைத் துடிக்க வைக்கும். அதாவது, இதயத்துக்கு எட்டு எடுத்துக் கொடுக்கும் கருவி. அதை வைத்துக்கொண்டவருக்கு ஒரு அட்டை தருவார்கள். அட்டையை எப்போதும் கூடவே வைத்திருக்க வேண்டும். ஸ்கேன் எடுக்கப் போனால் முதலில் அதைக் காட்ட வேண்டும். செல்போனைச் சட்டையின் மேல்பையில் வைக்கக் கூடாது. வீட்டில் ஒருவராவது அந்த அட்டையைப் படிக்கத் தெரிந்திருந்தால் எவ்வளவு நல்லது!

கடைசியாக நம் படிப்புக்கு வருவோம். 1988-ல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. அதன் பாடப் புத்தகங்களுக்கு ஒரு முறை வகுத்தார்கள். அந்த முறையின் ஆங்கிலப் பெயரிலேயே பேஸ் என்ற சொல் இருந்தது. கற்கும் வேகத்தையும் பாடப் பொருளையும் மேம்படுத்துவது என்று அதற்கு அர்த்தம். மொத்தம் மூன்று புத்தகங்கள். சுமார் 200 மணி நேரப் படிப்பு. புத்தகத்துக்குள்ளேயே பயிற்சியும் தேர்வும் இருந்தன. யாரும் வந்து மார்க் போட வேண்டியதில்லை. தான் எதுவரை வந்தோம் என்று கற்பவரே பார்த்துக்கொள்ளலாம்.

இது ஏன் முக்கியம்? பாதியில் நின்றுபோனவர்கள் பலர். "பேரன் கடகடவென்று படிக்கிறான், எனக்கு ஒரு வரிக்கே மூச்சு வாங்குகிறதே" என்று வெட்கப்பட்டு நின்றவர்கள் உண்டு. பகல் முழுதும் களை எடுத்துவிட்டு, சோறு ஆக்கிவிட்டு, இரவில் புத்தகத்தைத் தொடுகிறவரின் வேகமும் பள்ளிக்கூடத்துப் பையனின் வேகமும் ஒன்றாக இருக்குமா? இருக்க வேண்டிய தேவையும் இல்லை.

அதனால் அம்மா, அக்கா, தாத்தா, யாராக இருந்தாலும் ஒன்று செய்யுங்கள். தினமும் அரைப் பக்கம் சத்தமாகப் படியுங்கள். விரல் வைத்துப் படித்தாலும் சரி. முடித்த இடத்தில் தேதியைக் குறித்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து அந்தத் தேதிகளைத் திருப்பிப் பாருங்கள். எவ்வளவு தூரம் நடந்திருக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும். வகுப்புக்கு வராமல் நின்றவர் பக்கத்து வீட்டில் இருந்தால், நாளை ஒரு எட்டு போய் அவரையும் கூட்டி வாருங்கள்.