ஆற்றில் அள்ளியதை எங்கே கொட்டுவது?



கழிவில் கலந்த கன உலோகங்களை உயிர்களைக் கொண்டு அகற்றுவது பற்றிப் பேச அழைத்தீர்கள். பாளையங்கோட்டையில் நின்றுகொண்டு இதைப் பேசுவதென்றால் பெரணியில்தான் தொடங்க வேண்டும். இவ்வூர்த் தூய சவேரியார் கல்லூரியின் பேராசிரியர்கள் மாணிக்கமும் இருதயராஜும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரணிகளைத் தொகுத்து 1992இல் நூலாக வெளியிட்டார்கள். மலை மலையாக ஏறிச் சேர்த்த அறிவு அது.

நம் பெரணிகளில் ஒன்று டெரிஸ் விட்டேட்டா. சுண்ணாம்புக் காரை பூசிய பழைய சுவரின் வெடிப்பில் தானாக முளைத்து நிற்கும். நடுஈர்க்கின் இருபுறமும் ஒடுங்கி நீண்ட சிற்றிலைகள். ஒன்றைப் புரட்டிப் பாருங்கள், ஓரம் நெடுகப் பழுப்புக் கோடாக வித்துத்தூள் ஒட்டியிருக்கும். யாரும் தண்ணீர் ஊற்றி வளர்க்காத இந்தச் செடியைத்தான் 2001இல் உலகமே திரும்பிப் பார்த்தது. அமெரிக்காவின் புளோரிடாவில், மரம் கெடாமலிருக்கப் பூசும் மருந்தால் நஞ்சேறிய நிலத்தில் இது செழித்து நிற்பதை லீனா மா குழுவினர் கண்டார்கள். கன உலோகங்களோடு சேர்த்து எண்ணப்படும் ஆர்சனிக்கை மண்ணிலிருந்து இழுத்து இலையில் சேர்த்து வைத்திருந்தது. ஆர்சனிக் கலந்த மண்ணில் வைத்துச் சோதித்தபோது, ஆறே வாரத்தில் உலர்ந்த இலையின் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. வேறு செடியென்றால் அதில் மிகச் சிறு பங்கிலேயே கருகிப்போகும்.

மண்ணில் உள்ள ஆர்சனேட்டின் அமைப்பு பாஸ்பேட்டைப் போன்றது. அதனால் வேரில் பாஸ்பேட் நுழையும் வழியாகவே அதுவும் உள்ளே போய்விடுகிறது. பெரணி அதை இலைச் செல்லுக்குள் தனி அறையில் அடைத்து, தனக்குக் கேடு வராமல் பார்த்துக்கொள்கிறது.

பாக்டீரியாவின் வேலை வேறு விதம். தோல் பதனிடும் ஊர்களை அச்சுறுத்தும் கொடிய குரோமியத்தைச் சில பாக்டீரியாக்கள் நீரில் எளிதில் கரையாத, நஞ்சு குறைந்த வடிவத்துக்கு மாற்றுகின்றன.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கடலில் கொட்டிய எண்ணெயை நுண்ணுயிர் தின்று தீர்க்கும். ஈயத்தை எந்த உயிராலும் தின்று தீர்க்க முடியாது. அது தனிமம். வடிவம் மாறும், இடம் மாறும், அழியாது. ஆகவே செடி நட்டதோடு சுத்திகரிப்பு முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அறுவடைக்குப் பின்தான் உண்மையான வேலை தொடங்குகிறது.

நம் தாமிரபரணிக்கு வருவோம். சாக்கடைச் சத்தைத் தின்று ஆகாயத்தாமரை மண்டுகிறது. அதன் கரிய இழைவேர் ஈயம், காட்மியம், தாமிரம் எல்லாவற்றையும் பிடித்து வைக்கக்கூடியது. பெரும்பகுதி வேரிலேயே தங்கும். நாம் கேட்காமலே ஆறு ஒரு வடிகட்டியை வளர்த்துக்கொண்டிருக்கிறது. பொக்லைன் வைத்து அள்ளி, கரையிலேயே குவித்துப் போனால் என்ன ஆகும்? செடி அழுகும், அடுத்த மழையில் பிடித்ததெல்லாம் மறுபடி ஆற்றுக்கே போகும். வெறுமனே கொளுத்தினால் பாதரசமும் காட்மியமும் காற்றில் ஏறும். சோதிக்காமல் உரமாக்கினால் வயலுக்குப் போகும். நகரக் கழிவு உரத்தில் கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5 மில்லிகிராம் தாண்டக் கூடாது என்று உரக் கட்டுப்பாட்டு ஆணை வரம்பு வைத்திருக்கிறது. வரம்பு ஏட்டில் இருந்தால் போதாது.

பச்சை ஆகாயத்தாமரையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். திருநெல்வேலி வெயிலில் காயவைத்தாலே சுமை சுருங்கிவிடும். சோதனையில் தேறியது உரத்துக்குப் போகட்டும். தேறாதது, கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற அபாயக் கழிவு நிலநிரப்பிடத்துக்குப் போகட்டும். இதில் பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை, ஒழுங்கு மட்டுமே வேண்டும்.

மாநகராட்சிக்கு என் வேண்டுகோள்: ராமையன்பட்டிக் குப்பைக் கிடங்குக்குக் கன உலோகம் அடங்கிய பேட்டரியும் டியூப்லைட்டும் போய்ச் சேராமல் வீட்டு வாசலிலேயே பிரித்து வாங்குங்கள். ஆழ்வார்குறிச்சியில் சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கும் மாணவர்களுக்கும் ஒன்று: அடுத்த முறை ஆகாயத்தாமரை அள்ளும்போது கரைக்குப் போய் வேரை எடுத்துச் சோதியுங்கள். வரும் எண்களை ஊர் அறியத் தமிழில் வெளியிடுங்கள்.