ஆறுமணிக்குருவியும் நமது தோப்புகளும்
(காந்திகிராமத்தில் ஆற்றிய உரை)



சிறுமலையின் அடிவாரத்தில் வாழும் உங்களிடம், ஆண்டுதோறும் நம்மை நாடி வரும் ஒரு விருந்தாளியைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி ஆறுமணிக்குருவி தென்னாட்டை வந்தடைகிறது. விடியற்காலையிலும் அந்தியிலும், ஏறத்தாழ ஆறு மணிக்கு, சீட்டியடிப்பதுபோல் இரண்டு சுரங்களில் அது கூவும். பெயர் வந்த காரணம் அதுவே. பச்சை முதுகும் நீலத் தோளும் செந்நிற அடிவயிறும் கொண்ட இதனை வடநாட்டார் 'நவரங்' என்பர்.

இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரிக்கும் இப்பறவை, குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிக்கிறது. ஒரு சாணுக்கும் குறைவான இச்சிறு பறவை இரவில் நெடுந்தொலைவு பறந்து வருவதால், களைத்துச் சில வேளைகளில் வீட்டு முற்றத்தில் விழுந்து கிடப்பதுண்டு. அவ்வாறு கண்டால், பூனையும் நாயும் அணுகாதபடி கூடையால் மூடி நிழலில் வையுங்கள். தெளிந்ததும் மரங்கள் அடர்ந்த இடத்தில் விட்டுவிடுங்கள். இதனைப் பிடிப்பதும் கவணால் அடிப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும் என்பதைச் சிறுவர்களுக்கு எடுத்துரையுங்கள்.

இக்குருவி தரையில் தத்திச் சென்று, சருகைப் புரட்டி, புழு பூச்சிகளைத் தின்னும். மரத்தடிச் சருகே அதன் களஞ்சியம். தோப்பைத் துப்புரவு செய்வதாக எண்ணிச் சருகுக்குத் தீ வைத்தால், குருவியின் உணவோடு நம் நிலத்தின் உரமும் அழிகிறது. "எருக்குழிக்குச் சருகு வேண்டாமா?" என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும், தேவையானதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் தோப்பின் ஒரு பகுதியிலாவது சருகைக் கிடந்தபடியே விட்டுவையுங்கள். அது மண்ணின் ஈரத்தைக் காக்கும். நாளடைவில் மக்கி மரத்திற்கே உணவாகும். உயிர்வேலியையும் புதரையும் முற்றிலும் வெட்டிவிடாதீர்கள்.

2022-ஆம் ஆண்டில் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டை அரசு தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தது. ஆனால் குருவி சரணாலயத்தின் எல்லையை அறியாது. நெடுவழி வந்த களைப்பில் அது இறங்கும் இடம் உங்கள் தோப்பாகவும் இருக்கலாம். அங்கே அதற்கு உணவு இருக்குமா, சாம்பல் இருக்குமா என்பது உங்கள் கையில்தான் உள்ளது.