இருமினால் கசிகிறதா?

தும்மினால், இருமினால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கசிகிறது என்பதைப் பல பெண்கள் மருத்துவரிடம்கூடச் சொல்வதில்லை. பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை அம்மா. இதற்குப் பயிற்சி இருக்கிறது. அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-லேயே அந்தப் பயிற்சியைக் கட்டுரையாக வெளியிட்டார்.

சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவது இடுப்புத்தளத் தசை. பிரசவத்தில் அது தளர்ந்துபோகலாம். காற்றுப் பிரிவதை அடக்குவீர்களே, அதேபோல் அந்தத் தசையை உள்ளிழுத்து மேலே தூக்குங்கள். சில விநாடி நிறுத்தி, முழுதாகத் தளர்த்துங்கள். பலர் இந்தத் தளர்த்துவதைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். மூச்சை அடக்காதீர்கள், தொடையும் பிட்டமும் இறுக வேண்டாம். வேளைக்கு 8 முறை, நாளுக்கு 3 வேளை. பேருந்தில் உட்கார்ந்தபடியே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. ஆனால் சிறுநீர் கழிக்கும்போது செய்து பழகாதீர்கள்.

3 மாதமாவது விடாமல் செய்யுங்கள். தும்மல் வருகிறதா? அதற்கு முன்பே ஒருமுறை இறுக்கிக்கொள்ளுங்கள். எரிச்சலோ ரத்தமோ இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள்.