எத்தனை கிராம், எத்தனை டச்?



நகைக்கடைப் பலகையில் தங்கத்துக்குக் கீழே வெள்ளி விலையும் எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, வீட்டில் கிடக்கும் பழைய கொலுசை எடைபோட்டு, இவ்வளவு ரூபாய் வரும் என்று மனக்கணக்குப் போடுகிறோம். கடைக்காரர் சொல்லும் தொகையோ அதைவிடக் குறைவாக இருக்கிறது. எங்கே போனது மிச்சம்?

முதலில் பலகை விலையைப் பார்ப்போம். உலகச் சந்தையில் வெள்ளியை டிராய் அவுன்ஸ் கணக்கில் டாலரில் விலை பேசுகிறார்கள். ஒரு டிராய் அவுன்ஸ் 31.1 கிராம். அவுன்ஸ் 40 டாலர், டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 3,400 ரூபாய். அதை 31.1 ஆல் வகுத்தால் கிராம் சுமார் 109 ரூபாய். இதன்மேல் இறக்குமதி வரியும் வியாபாரிகளின் லாபமும் ஏறும். டாலரில் விலை பேசுவதால்தான் உலகச் சந்தை அசையாத நாளிலும், ரூபாய் மதிப்பு சரிந்தால் இங்கே வெள்ளி விலை ஏறுகிறது.

ஆனால் அந்த விலை சுத்த வெள்ளிக்கு. சுத்த வெள்ளி மெத்தென்றிருக்கும்; நகையாகச் செய்து போட்டால் வளைந்துவிடும். ஆகவே செம்பு போன்ற உலோகம் சேர்க்கிறார்கள். நூறு பங்கில் வெள்ளி எத்தனை பங்கு என்பதைத்தான் கடைத்தெருவில் 'டச்' என்கிறார்கள். 80 டச் என்றால் நூறு கிராமில் 80 கிராம் வெள்ளி.

பாட்டி பெட்டியில் இருக்கும் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட ஒரு ரூபாய் நாணயங்களைப் பாருங்கள். எடை 11.66 கிராம்தான். 1939 வரை அச்சடித்தவற்றில் வெள்ளி ஏறக்குறைய 92 சதவீதம். 1940 முதல் அது எடையில் பாதியாகக் குறைக்கப்பட்டது. தராசில் வைத்தால் இரண்டும் ஒன்று. உருக்கினால் ஒன்றில் பத்து கிராமுக்கு மேல் வெள்ளி, மற்றதில் ஆறு கிராம்கூட இல்லை.

இப்போது கொலுசுக்கு வருவோம். கணக்கு எளிதாக இருக்க கிராம் 100 ரூபாய் என்று கொள்வோம். நூறு கிராம் கொலுசு, 80 டச். பல கடைகளில் முழு எடைக்கும் பலகை விலையே போடுவார்கள்: 10,000 ரூபாய். செய்கூலி, சேதாரம் ஆயிரம் என்றால் 11,000. அதன்மேல் ஜி.எஸ்.டி. 3 சதவீதம், 330. ஆக, கையிலிருந்து போவது 11,330. மறுநாளே விற்கப் போனால், உள்ளே இருக்கும் 80 கிராமுக்கு 8,000 ரூபாய். உருக்குச் சேதம் என்று அதிலும் கொஞ்சம் பிடிப்பார்கள். போட்ட பணம் திரும்ப வேண்டுமானால் கிராம் விலை 142 ரூபாயாவது ஆக வேண்டும்.

இதில் எல்லாமே ஏமாற்று அல்ல. செய்கூலி ஆசாரியின் உழைப்புக்கு, வரி அரசாங்கத்துக்கு. இரண்டும் விற்கும்போது திரும்பி வராது; செம்புக்கும் சேர்த்துக் கொடுத்த வெள்ளி விலையும் வராது. சேமிப்புக்காக வாங்குபவர்கள் 999 முத்திரையுள்ள கட்டி வெள்ளி வாங்கினால் கூலி மிகக் குறைவு. காலில் போட்டு மகிழ வாங்குபவர்கள் கொலுசே வாங்கலாம். அதை முதலீட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வாங்கும்போது பில்லில் எடை, டச், கூலி மூன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். ஹால்மார்க் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 925 என்றிருந்தால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. 2025 செப்டம்பர் முதல் ஹால்மார்க் செய்த வெள்ளிப் பொருளுக்குத் தங்கத்தைப் போலவே எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியீடும் வந்திருக்கிறது. பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைப் போட்டுச் சரிபார்க்கலாம்.

விற்கும்போது கல்லையும் அரக்கையும் நீக்கிய எடை எவ்வளவு என்று கேளுங்கள். டச் பார்ப்பதை உங்கள் கண்ணெதிரே செய்யச் சொல்லுங்கள். இரண்டு கடைகளில் விசாரித்த பிறகு கொடுங்கள். முக்கியமாக, உருக்கச் சம்மதிக்கும் முன் தொகையைப் பேசி முடியுங்கள். உருக்கிய பிறகு பேரம் பேச உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.