கடைக்காரரோடு நம்ம உறவு
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



மசாலாப்பொடியைக் கடையில் போட்டுட்டு, பணம் வாங்க மட்டும் போய் நின்னா உறவு வளராது. "போன தடவை பொடி எப்படிப் போச்சு? வாங்கினவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்போம். வண்டு விழுந்த பாக்கெட்டை முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுப்போம். மழையில் மிளகாய் காயலையா? முன்கூட்டியே சொல்லிடுவோம். ஈரப்பொடி கொடுத்தால் அவர் கடைப் பெயரும் கெடும்.

அதுக்காக, பாக்கியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். தேதி, எண்ணிக்கை, பாக்கி மூன்றையும் இரண்டு பேர் நோட்டிலும் எழுதுவோம். உத்யம் பதிவு இலவசம். பதிவு செய்த சிறுதொழிலுக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தரணும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். சண்டைக்கு நிற்காமல், சரக்குப் போடும் முன்பே இதைப் பேசி வைப்போம். பாக்கி வந்தால்தானே குழுக்கடன் தவணையை நாம தவறாமல் கட்ட முடியும்!