பெட்டி நம் வீட்டில், சாவி யார் கையில்?

(தேனியில் பஞ்சாலை, விவசாயத் தொழிலாளர் ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கூலி, பஞ்சப்படி, வேலை நாள் என்று பேசும் மேடையில் இன்று ரூட்டர் பெட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "இது படித்தவர் விவகாரம், நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

2023 ஜனவரி முதல் ஊரக வேலைத் திட்டத்தில் வருகைப் பதிவு செல்போன் செயலி வழியே கட்டாயமாக்கப்பட்டது. சிக்னல் இல்லாத கண்மாய்க் கரையில் மண் சுமந்த பெண் தொழிலாளியின் பெயர் அதில் ஏறாவிட்டால், அவருடைய கூலிக்கு யார் ஜவாப்தாரி? ரேஷன் கடையில் கைரேகை வைப்பதும், பிள்ளைக்குக் கல்லூரி விண்ணப்பம் போடுவதும் இணையத்தின் வழியாகவே நடக்கின்றன. கூலியும் அரிசியும் எந்த வழியாக வருகின்றனவோ, அந்த வழி யார் கையில் இருக்கிறது என்பது உழைப்பாளியின் பிரச்னையே.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

ரூட்டர் என்பது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். பெரியாற்றுத் தண்ணீரை மடை திறந்து வயல் வயலாகப் பாய்ச்சுகிறோம் அல்லவா? அதுபோல, வெளியிலிருந்து வரும் தகவலை வீட்டிலுள்ள செல்போன்களுக்கு இது பிரித்து விடுகிறது. எந்த மடையை எப்போது திறப்பது, எதை அடைப்பது என்ற உத்தரவுகள் பெட்டிக்குள்ளேயே பதிந்திருக்கின்றன. அதற்குப் பர்ம்வேர் என்று பெயர். மனிதர் படிக்கும்படி எழுதிய அதன் வடிவமே மூல நிரல். பெரும்பாலான கம்பெனிகள் மூல நிரலை முழுமையாகத் தருவதில்லை. இயந்திரம் மட்டும் படிக்கக்கூடிய வடிவத்தை அடைத்து விற்கின்றன.

இதன் விளைவு என்ன? புது மாடல் வந்ததும் பழைய பெட்டியைக் கம்பெனி கவனிப்பதில்லை. அதிலுள்ள ஓட்டை அப்படியே கிடக்கிறது. 2016 நவம்பரில் மிராய் என்ற நாசகார நிரலின் ஒரு வகை ஜெர்மனியில் சுமார் 9 லட்சம் வீட்டு ரூட்டர்களைச் செயலிழக்கச் செய்தது. திருடன் நுழைய வழி இருக்கிறது. வீட்டுக்காரன் திருத்த வழி இல்லை! கடைசியில், நல்ல பெட்டியையும் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது வாங்கச் சொல்லுகிறார்கள்.

உழைப்பு பலருடையது

2002 இறுதியில் லிங்க்சிஸ் கம்பெனி டபிள்யூஆர்டி54ஜி என்ற ரூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குள் ஓடியது லினக்ஸ். உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் கூடி எழுதிய பொதுச் சொத்து அது. அதை யாரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். ஆனால், விற்பவர் மூல நிரலையும் வாங்குபவருக்குக் கொடுத்தாக வேண்டும். ஜிபிஎல் என்னும் பொது உரிமத்தின் நிபந்தனை இது. கம்பெனி கொடுக்கவில்லை. நிரல் எழுதுவோர் இதைக் கண்டுபிடித்துக் கேட்டனர், விடாமல் கேட்டனர். 2003ல் லிங்க்சிஸை விலைக்கு வாங்கிய சிஸ்கோ, அதே வருஷம் மூல நிரலை வெளியிட நேர்ந்தது.

அந்த நிரலை வைத்து 2004ல் தொடங்கியதுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி. இன்று பல கம்பெனிகளின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடல்களில் அது ஓடுகிறது. கம்பெனி கைவிட்ட பெட்டிகள் பலவற்றுக்கும் அதனால் மறுவாழ்வு கிடைத்தது. 2016ல் கருத்து வேற்றுமையால் குழு இரண்டாகப் பிரிந்தது. 2018 ஜனவரியில் மீண்டும் ஒன்றுபட்டது. நிரல் பொதுவில் இருந்ததால் பிளவிலும் வேலை அழியவில்லை.

நம் பள்ளத்தாக்கில் நடந்தது

இது தூர தேசத்துக் கதை மட்டுமல்ல. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையிலிருந்து அம்பாசமுத்திரம், போடி, சின்னமனூர் முதலிய ஊர்களின் கண் பரிசோதனை மையங்களுக்கு வைஃபை மூலம் இணைப்பு தரப்பட்டது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் மருத்துவமனை ஊழியர்களும் சேர்ந்து செய்த வேலை இது. 2006ல் ஐந்து மையங்கள் இப்படி இயங்கின. நோயாளி தம் ஊர் மையத்தில் உட்கார்ந்தபடியே தேனி டாக்டரிடம் முகம் பார்த்துப் பேசினார். ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் மிச்சம்.

வீட்டு வைஃபை ஒரு கூடத்துக்குள் எட்டும். அது கிலோமீட்டர் கணக்கில் எப்படி எட்டியது? உயரத்தில் ஆன்டெனா வைத்தார்கள். அது மட்டும் போதவில்லை. சாதாரண வைஃபை ஒரு துண்டுத் தகவல் அனுப்பியதும் "கிடைத்தது" என்ற பதிலுக்குக் காத்திருக்கும். தூரம் அதிகமானால் பதில் தாமதிக்கும். போகவில்லை என்று எண்ணி மறுபடியும் அனுப்பும். நேரமெல்லாம் இதிலேயே வீணாகும். ஆகவே, முறை வைத்து மாறிமாறி அனுப்பவும், பல துண்டுகளுக்குச் சேர்த்து ஒரே பதில் பெறவும் நிரலைத் திருத்தி எழுதினார்கள். நாம் முறைப்பாசனம் வைப்பதுபோலத்தான்! 2007ல் வெளியிட்ட அறிக்கையில், வேகம் இரண்டு முதல் ஐந்து மடங்கு கூடியதாக அவர்கள் எழுதினர். லினக்ஸ் மூல நிரல் திறந்திருந்ததால்தான் இது சாத்தியமாயிற்று.

இன்னொரு பாடமும் உண்டு. இங்கே அதிகத் தொல்லை கொடுத்தது நம்மூர் மின்சாரம். வோல்டேஜ் ஏறி இறங்கியதில் பவர் சப்ளைகளும் போர்டுகளும் எரிந்தன. வெளிநாட்டு நிபுணர் ஒவ்வொரு முறையும் விமானம் ஏறி வர முடியுமா? உள்ளூர் ஊழியர்களே பழுது பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். மூல நிரல் மட்டும் போதாது. அதைக் கையாளத் தெரிந்த உள்ளூர்க் கையும் வேண்டும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகம் என்றதும் சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். பெரியாறு அணையைக் கட்டியதும் வெள்ளைக்கார சர்க்கார்தான். தண்ணீர் நம் வயலில் பாய்கிறது. விஞ்ஞானம் எங்கே பிறந்தது என்பதைவிட, அதன் பலன் யாருக்குப் போகிறது என்று கேட்பதே நம் வழி.

நாம் கேட்க வேண்டியது

அவசரப்பட்டு இன்று இரவே யாரும் பெட்டியைத் திருத்த வேண்டாம். மாடலுக்குப் பொருந்தாத பர்ம்வேர் ஏற்றினால் அது செங்கல்லாகிவிடும். இணைப்புக் கம்பெனி கொடுத்த பெட்டியானால் அது அவர்களுடைய சொத்து. சொந்தப் பெட்டி, சரியான மாடல், தெரிந்த ஆள் - இம்மூன்றும் இருந்தால் செய்யலாம்.

ஆனால் கோரிக்கை எழுப்ப இன்றே நேரம். ஊராட்சி, பள்ளி, நூலகங்களுக்கு மக்கள் பணத்தில் ரூட்டர் வாங்கும்போது மூல நிரலோடு வாங்க வேண்டும். எத்தனை வருஷம் ஓட்டை அடைத்துத் தருவார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். நம் மாவட்டத்து ஐடிஐகளிலும் போடி அரசு பொறியியல் கல்லூரியிலும் இந்த வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வரும் தாயின் பிள்ளை இந்தத் தொழிலைக் கற்று, தன் ஊர்ப் பெட்டியைத் தானே திருத்தட்டும்.

கதிர் ஓட்டுகிறவருக்கு மெஷினின் ஒவ்வொரு பல்லும் தெரியும். ஆனால் மெஷின் அவருடையது அல்ல. ரூட்டர் விஷயத்தில் நிலைமை தலைகீழ்: பெட்டி நம்முடையது, அதன் உள்விவரம் நமக்கு மறைக்கப்பட்டது. இரண்டையும் உழைப்பாளியின் கைக்குக் கொண்டுவருவதே நம் வேலை.